காலையில் ஒன்று, வெறும் வயிற்றில்

— காலையில ஒண்ணு, வெறும் வயித்துல. அவ்வளவுதான் அண்ணி. அதுக்குப் போய் அட்டைய இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க.

— அட்டைய பாக்கலம்மா. உள்ள ஒரு காகிதம் மடிச்சு வெச்சிருக்கான். படிக்கறேன். ஊசி கோக்கற கண்ணாடி போட்டாதான் எழுத்தே தெரியுது.

— அதெல்லாம் படிக்கவே கூடாது. தலைவலி மாத்திரைக் காகிதத்துலயும் கடைசில சாவுன்னுதான் போட்டிருப்பான்.

— விடு. நீ ஏன் எங்க அக்காவுக்குப் பாடம் எடுக்கற. வகுப்பா இது. பீரோ, நீ பொறுமையா படி. என்னை இப்பதான் மிஷின்லேர்ந்து எறக்கி விட்டாங்க. நாளை மறுநாள் திரும்ப ஏத்துவாங்க. அதுவரைக்கும் நான் ஃப்ரீ.

— டயாலிசிஸ் முடிஞ்சு நேரா கடைக்கா கூட்டிட்டு வந்த? வீட்டுல படுக்க வைக்கக் கூடாதா?

— நான் என்ன பண்றது அண்ணி. உங்க தம்பிதான் அக்கா கடைக்குப் போன்னு வண்டியத் திருப்பச் சொன்னார். பேன்ட் எதுவும் இடுப்புல நிக்கலையாம்.

— நிக்கல. பெல்ட்டுல ஓட்டை போட இனிமே எடம் இல்ல. ஸ்கூல் பையன் மாதிரி பிடிச்சுக்கிட்டே நடக்கறேன்.

— எந்திரி. அந்த பெஞ்சுப் பக்கம் வா, வெளிச்சத்துக்கு. கைய தூக்கு. அந்தக் கை வேண்டாம், ஊசி போட்ட கை. இதத் தூக்கு.

— ஊசி குத்தறதுக்காக நரம்ப ஒட்டுப் போட்டாங்கல்ல, அந்த எடத்துல தொட்டுப் பாரேன். ரத்தம் உர்ருன்னு ஓடும். உன் தையல் மிஷின் மாதிரியே.

— ஆட்டாத. மூச்ச ஏன்டா இழுத்துப் பிடிக்கற? மத்தவங்க வயித்த உள்ள இழுப்பாங்க. நீ வெளிய தள்ளறியா?

— கொஞ்சம் கூடக் காட்டலாம்னு பாத்தேன்.

— டேப் ஏமாறாது. போன தடவை பிடிச்சதுக்கு மேலயும் பிடிக்கணும். இதுக்கு மேல பிடிச்சா பின்பாக்கெட் ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கும்.

— பாத்தியா. எனக்கு மாத்திரையே இல்லாம கொறையுது. நீ கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேன்ல.

— ஏங்க, இதெல்லாம் ஒரு சிரிப்பா.

— வேற எதுக்கு சிரிக்கட்டும், டீச்சர்? லிஸ்ட் போட்டுக் குடு.

— சரி, பாயிண்டுக்கு வருவோம். அண்ணி, பிராக்டிகலா பாருங்க. டாக்டர் உங்க எதிர்லதானே எல்லாம் சொன்னார். இது பசிய அடக்கும். பசி இல்லைன்னா சாப்பாடு கொறையும். சாப்பாடு கொறைஞ்சா எடை கொறையும். எடை கொறைஞ்சா முட்டிவலி போயிடும். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்காது. சர்க்கரை வராது. இதெல்லாம் உங்களுக்கு நல்லது. அவருக்காக மட்டும் சொல்லல நான்.

— தெரியுதும்மா. இந்த நல்லதெல்லாம் நான் முட்டியப் பிடிச்சுக்கிட்டு இந்தப் படி ஏறினப்பவும் நல்லதுதான். அப்ப யாரும் மாத்திரை வாங்கிட்டு வரல.

— அப்ப நமக்குத் தெரியாதே.

— அது கெடக்கட்டும். இதைக் கேளு. நெஞ்சு படபடக்கும். தூக்கம் வராது. வாய் காஞ்சு போகும்.

— வாய் காயறதுக்கா பயப்படற? என்னைக் கேளு. நாள் முழுக்க இவ அளந்து ஊத்தற ஒரு சொம்புத் தண்ணிதான். ஐஸ் கட்டிய வாயில போட்டு உருட்டிக்கிட்டே பொழுதப் போக்கறேன். உனக்கு வாய் காஞ்சா தண்ணி குடிக்கலாம். எவ்வளவு வேணா குடிக்கலாம். அது எப்பேர்ப்பட்ட விஷயம் தெரியுமா?

— இன்னும் இருக்குடா. தலை சுத்தும். மலம் இறுகும். காரணமில்லாம கோவம் வரும்.

— கோவமா? உனக்கா? அதுக்காகவாவது போடு. நான் பாக்கணும்.

— வந்தா எங்க வெச்சுக்கறதுன்னுதான் தெரியல.

— எங்க வெப்ப. பீரோக்குள்ளதான்.

— கொழந்தைங்க கெட்டது உங்களாலதாங்க. அத்தைன்னு கூப்பிடுங்கடான்னா பீரோ அத்தைன்னுதான் கூப்பிடுதுங்க.

— அதுல என்னம்மா. நான் பள்ளிக்கூடத்துல சேர்ந்தப்பவே இவன் வெச்ச பேரு. அப்ப இவனுக்குப் பேச்சே சரியா வராது. பீயோன்னுதான் சொல்லுவான். வீட்டுல எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் அதுவே நின்னுடுச்சு.

— பாசமா கூப்பிடறதுதானேக்கா.

— பாசமாத்தான்.

— அண்ணி, இந்த மாத்திரை ஒத்துக்கலைன்னா வேற ஒண்ணும் இருக்குன்னார். அதுல நெஞ்சு படபடப்பே கெடையாது. சாப்பாட்டுல இருக்கற கொழுப்ப உடம்புல சேர விடாம வெளிய அனுப்பிடும்.

— எந்த வழியா வெளிய அனுப்பும்னு நான் கேட்டேன்ல. டாக்டர் ஜன்னலப் பாத்தார்.

— எண்ணெயாப் போகும்னார். அதுவும் கொழுப்பு தின்னாதான்.

— சொல்லாம கொள்ளாமப் போகும்னார். பகல் முழுக்க ஒரே ஸ்டூல்ல உக்காந்து அடுத்தவங்க துணி தைக்கறவ நான். இது வேண்டாம்மா. பாக்கறதுன்னா அந்தப் படபடப்பையே பாக்கறேன். ஒரு நிமிஷம் இரு. வாங்க மேடம். கோட்டுதானே, ரெடியா இருக்கு. ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கேன், தோளையும் எறக்கியிருக்கேன். போட்டுப் பாக்கறீங்களா? சரி, வீட்டுல பாத்துட்டு சொல்லுங்க. ஆமா, இது என் தம்பி. ஆமா, உடம்பு சரியில்ல. வரேன்னு சொல்லுங்கம்மா, போறேன்னு சொல்லாதீங்க.

— யாரு அது? மாடல் மாதிரி இருக்காங்க.

— போன வருஷம் நீ பாத்திருந்தா இப்ப அடையாளம் தெரியாது. என்னை விடக் கொஞ்சம்தான் கம்மியா இருந்தாங்க. இதே மாதிரி மாத்திரைதான்.

— பாருங்க. கண்ணு முன்னாடியே பாக்கறீங்க. அப்புறம் என்ன தயக்கம் அண்ணி?

— அந்தக் கோட்டுல பிடிச்ச துணிய நான் வெட்டல.

— புரியல.

— சாப்பாட்டக் கொறைச்சு, ஓடி ஆடிக் கொறைஞ்சவங்க வந்தா மிச்சத் துணிய வெட்டி ஓரம் அடிச்சுக் குடுத்துடுவேன். மாத்திரைல கொறைஞ்சவங்க துணிய வெட்டறதில்ல. உள்ளயே மடிச்சு லேசா ஒட்டி வெச்சிடுவேன். மாத்திரைய நிறுத்தினதும் பாதிப் பேரு அதே துணியத் தூக்கிட்டு வருவாங்க. மொகத்தப் பாக்காம மேசை மேல வெச்சிட்டு, கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடுங்கம்பாங்க. நானும் ஒண்ணும் கேக்காம பிரிச்சு விட்டுடுவேன்.

— அது அவங்க பிரச்சனை அண்ணி. நமக்கு அந்தக் கவலையே இல்ல. ஆபரேஷன் நாள் வரைக்கும் கொறைஞ்சு இருந்தாப் போதும். அதுக்கப்புறம் நீங்க எவ்வளவு வேணா போட்டுக்கங்க. யாரு கேக்கப் போறா.

— யாரும் கேக்கப் போறதில்ல.

— நான் அந்த அர்த்தத்துல சொல்லல.

— ஒத்தைக் கிட்னியோட பழைய எடைக்கே போனா என்ன ஆகும்னு நான் மாத்திரை எழுதின டாக்டர்கிட்ட கேட்டேன். ஜாக்கிரதையா இருக்கணும்னார்.

— இருந்துக்கலாம்.

— நீ இருந்துக்குவியா, நான் இருந்துக்கணுமா?

— அவ பேச்சப் பெருசா எடுத்துக்காத பீரோ. என் ரத்த ரிப்போர்ட் பாத்ததுலேர்ந்து இவளுக்கு ஆபரேஷன் நாளத் தவிர காலண்டர்ல வேற தேதியே கெடையாது.

— ஆமா, கெடையாது. எனக்கு ரெண்டு புள்ளைங்க. ரெண்டும் இன்னும் ஷூ லேசே தானா கட்டாதுங்க. எனக்கு வேற தேதி எப்படி இருக்கும்? சொல்லுங்க அண்ணி, எப்படி இருக்கும்?

— இருக்காதும்மா. எனக்குப் புரியுது.

— என் ரத்தம் சேரல. சேர்ந்திருந்தா உங்க கடைப் படியே ஏறியிருக்க மாட்டேன்.

— அதுவும் நெசம்தான். சாதாரணமா ஏற மாட்ட.

— அய்யய்யோ, ரெண்டு பேரும் ஆரம்பிச்சிட்டீங்களா. எனக்குத் தலை சுத்துது. ஸ்டூல இழு.

— உக்காரு. சுவத்துல சாய். காலுக்கு இந்தத் துணிக்கட்ட வெச்சுக்க. பேன்ட்ட அப்புறம் பாத்துக்கலாம்.

— இல்ல, பையில இருக்கற பேன்ட்ட எடுத்துத் தை. நீ தைக்கற சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வரும். அம்மா படுக்கைல கெடந்தப்பவும் உன் மிஷின் சத்தத்துலதான் நான் பரீட்சைக்குப் படிச்சேன்.

— படிச்ச. நான் ஒரு கால்ல மிஷின மிதிச்சுக்கிட்டே அம்மாவப் பாத்துக்கிட்டேன்.

— அண்ணி, இன்னும் ஒண்ணே ஒண்ணு. பசி அடங்கும்னு சொன்னா உங்களுக்கு ஏன் மொகம் சுருங்குது? அன்னிக்கு டாக்டர் ரூம்லயும் பாத்தேன். பசி இல்லாம இருந்தா நிம்மதிதானே?

— கடைய மூடிட்டு நான் வீட்டுக்குப் போவேன்ல. வழில ரொட்டிக் கடை. சாயந்தரம் போடற ரொட்டி சூடா இருக்கும். ஒண்ணு வாங்கி, வீட்டுக்குப் போய், கதவ சாத்திட்டு, வெண்ணெய தடவி, கால நீட்டி உக்காந்து தின்னுவேன். யாரும் கூப்பிட மாட்டாங்க. யாரும் பாக்கவும் மாட்டாங்க. காலைலேர்ந்து அந்த நேரத்துக்குத்தான் பசிக்கும் எனக்கு. அந்தப் பசியும் போயிட்டா, கதவ சாத்திட்டு உள்ள உக்காந்து என்ன பண்றதுன்னு யோசிச்சேன். அவ்வளவுதான்.

— ஒரு ரொட்டிக்கும் ஒரு உயிருக்கும் தராசு பிடிக்கறீங்களா?

— பிடிக்கல. நீ கேட்ட, சொன்னேன்.

— டிவி பாக்கலாமேக்கா.

— பாக்கலாம்டா.

— எனக்கும் ஒண்ணு தெரியணும். நீ எனக்காகப் பயப்படறியா, இல்ல மாத்திரைக்குப் பயப்படறியா?

— பிரஷர் ஏறும்னு போட்டிருக்கு. நெசமாத்தான் சொல்றேன், விளையாட்டுக்கு இல்ல. பிரஷர் ஏறினவ கிட்னிய அவங்க தொடவே மாட்டாங்க. இதப் போட்டு எடை எறங்கி பிரஷர் ஏறினா என்ன பண்ணுவீங்க? அதுக்கு ஒரு மாத்திரையா?

— நானும் அதைக் கேட்டுட்டேன் அண்ணி. வாரா வாரம் பாப்பாங்க. ஏறினா அன்னிக்கே நிறுத்திடலாம். நீங்க எந்தக் கதவ சாத்தினாலும் நான் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்.

— தெரியுது.

— காலைல கிட்னி ஆஸ்பத்திரி ஆபீஸுக்கும் போன் போட்டேன்.

— எதுக்கு?

— எதுக்குன்னா? எடை கொறைச்சுட்டு வந்தா மறுபடி பாப்பீங்களான்னு கேக்கத்தான்.

— யார் பேசினது?

— அந்தப் பொண்ணுதான். அன்னிக்கு உங்களை மட்டும் உள்ள கூட்டிட்டுப் போச்சே, கண்ணாடி போட்ட பொண்ணு. பிடியே குடுக்கல. கிட்னி குடுக்க வரவங்களைப் பத்தி நாங்க யார்கிட்டயும் பேசறதில்ல, அவங்களே வந்து பேசட்டும்னு ஒரே பாட்டு. எத்தனை கிலோ கொறையணும்னாவது சொல்லுங்கன்னேன். எடையான்னு கேட்டுது. ஆமா எடைதான்னேன். அப்புறம் திரும்பவும், அவங்களே வந்து பேசட்டும். ஃபைலப் பாக்காமலே பேசுது. இதுங்களையெல்லாம் எவன் வேலைக்கு வெச்சான்.

— வேற ஒண்ணும் சொல்லலையா?

— வேற என்ன சொல்லும்? அண்ணி. அண்ணி, நூலே இல்ல.

— என்ன?

— நூல் இல்லாம ஓட்டிட்டு இருக்கீங்க. ஊசி சும்மா குத்திட்டுப் போகுது.

— ஆமா. நூல் தீர்ந்துடுச்சு. நான் கவனிக்கல.

— உனக்கும் வயசாகுது பீரோ.

— அன்னிக்கு உள்ள என்னதான் அண்ணி சொன்னாங்க? எங்களை வெளிய உக்கார வெச்சிட்டு அவ்வளவு நேரம் பேசினாங்க.

— கேட்டாங்க. பதில் சொன்னேன். தண்ணி குடுத்தாங்க. நாற்காலி நல்லா அகலமா இருந்துச்சு. இடிக்காம உக்காந்தேன்.

— எடைய எப்படிச் சொன்னாங்கன்னு கேக்கறேன்.

— அவங்க உன்கிட்ட போன்ல எப்படிச் சொன்னாங்க?

— ஒரே வார்த்தை. எல்லா டெஸ்ட்டும் முடிஞ்சிருச்சு, உங்க அண்ணி பொருந்தலைன்னாங்க. ஏன்னு கேட்டேன். காரணம் சொல்றது வழக்கமில்லைன்னாங்க. போன வெச்சிட்டு இவர்கிட்ட வந்து, பொருந்தலையாம்னேன். இவர் உடனே, எடைதான்னார்.

— பின்ன? ரத்தம் சேர்ந்துச்சு. சர்க்கரை இல்ல. ஸ்கேன்ல ரெண்டும் கண்ணாடி மாதிரி இருக்குன்னு கிட்னி டாக்டரே சொன்னார். மிச்சம் என்ன இருக்கு? எனக்குப் புரிஞ்சுக்க டாக்டர் வேணுமா? நம்ம வீட்டுல பொருந்தலைங்கற வார்த்தைக்கு எப்பவும் அதானே அர்த்தம்.

— ஆமாம்மா. என்னைப் பாத்துட்டுப் போனவங்க எல்லாரும் சொல்லி அனுப்பின வார்த்தை. பையனுக்கும் பொண்ணுக்கும் பொருந்தலைங்க. அப்பா போய்க் காரணம் கேட்டதில்ல. திரும்பி வந்து என்னைப் பாப்பார். மேலேர்ந்து கீழ வரைக்கும். அவ்வளவுதான். அதுல ஒருத்தருக்கு வேற ஊருக்கு வேலை மாத்தலாயிருந்துச்சு, அதான் காரணம். ரொம்ப வருஷம் கழிச்சு அவரே இந்தக் கடைக்குப் பேன்ட் நீளம் கொறைக்க வந்தப்ப சொன்னார்.

— நெசமாவா? நீ சொன்னதே இல்லையே.

— யாரும் கேட்டதில்ல.

— பழசெல்லாம் இப்ப எதுக்கு அண்ணி. பிராக்டிகலா பாருங்க. அந்தப் பொண்ணே சொல்லுது, அவங்களே வந்து பேசட்டும்னு. கதவு தொறந்துதான் இருக்கு. நீங்க இன்னிக்கு மாத்திரைய ஆரம்பிக்கறீங்க. அடுத்த வாரம் நான் லீவு போட்டுட்டு உங்களைக் கூட்டிட்டுப் போறேன். எடை கொறைய ஆரம்பிச்சிருச்சு, எனக்கு முழு சம்மதம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

— நான் போய்ச் சொல்லணும்.

— நீங்கதான் சொல்லணும். நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குது அந்தப் பொண்ணு.

— இந்தா, இதப் பாரு பீரோ. கொடுக்கவே மறந்துட்டேன். சின்னவ உனக்குப் படம் வரைஞ்சிருக்கா.

— அத ஏங்க இப்ப எடுக்கறீங்க? வேண்டாம்னு சொன்னேன்ல.

— நல்லாத்தான் இருக்கு. குடு பாக்கட்டும்.

— என்னடா இது. கால் வெச்ச பீரோ. தலைல ரிப்பன் வேற. கதவு தொறந்திருக்கு. இது யாரு, நீயா?

— நான்தான். உள்ள கைய விட்டு எடுக்கறேன்.

— இந்த அவரை விதை மாதிரி இருக்கறதுதான் கிட்னியா?

— கொழந்தைக்கு என்ன தெரியும் அண்ணி. மனசுல வெச்சுக்காதீங்க.

— தப்பா ஒண்ணும் வரையல. பீரோன்னா அதானே. யாருக்கு எது வேணுமோ தொறந்து எடுத்துக்கலாம். தட்டிட்டு எடுக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க.

— என்ன பேச்சு பேசற நீ. எப்பவும் இப்படிப் பேச மாட்டியே. மாத்திரைய இப்பவே போட்டுட்டியா?

— உனக்குக் கிட்னி போச்சுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு, வேற யாராவது குடுக்க இருக்காங்களான்னு அவர் கேட்டார். நீ என்ன சொன்ன?

— அக்கா இருக்கான்னு சொன்னேன். அந்த நிமிஷமே சொன்னேன். யோசிக்கவே இல்ல.

— யோசிக்கல. நான் உன் பக்கத்து நாற்காலிலதான் உக்காந்திருந்தேன்.

— ஆமா. என் தோளத் தட்டிக் குடுத்தியே. அதுக்கென்ன?

— ஒண்ணுமில்ல. அம்மா விழுந்தப்பவும் அதைத்தான் சொன்ன. அப்பாவ யாரு வெச்சுக்கறதுன்னு வந்தப்பவும். புள்ளைங்க பொறந்தப்ப இவளுக்குத் துணை யாருன்னு ஆஸ்பத்திரில கேட்டப்பவும். அக்கா இருக்கா.

— ஒரே ஒரு தடவை நேராச் சொல்லுங்க அண்ணி. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். படபடப்புங்கறீங்க, பிரஷருங்கறீங்க, ரொட்டிங்கறீங்க, இப்ப அம்மா அப்பாங்கறீங்க. உங்களுக்கு இதுல இஷ்டம் இருக்கா, இல்லையா? இல்லைன்னா வாயத் தொறந்து சொல்லிடுங்க. நான் வேற கதவு எதையாவது போய்த் தட்டறேன்.

— ஏய். யார்கிட்ட பேசறன்னு தெரிஞ்சு பேசு. எங்க அக்காவுக்கா இஷ்டம் இல்ல? அவளைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? நான் காய்ச்சல்ல கெடந்தப்ப ராவெல்லாம் முழிச்சிருந்தவ அவ. அவகிட்ட போய் இஷ்டம் இருக்கா இல்லையான்னு கேக்கற.

— நான் அவங்களைத்தாங்க கேட்டேன்.

— அவளுக்கு பதில் நான் சொல்றேன். அவளுக்கு இஷ்டம்தான். எங்க வேணா எழுதிக் குடுக்கறேன். போ. போய் வண்டிய எடுத்துட்டு வாசல்ல நிறுத்து. என்னால அவ்வளவு தூரம் நடக்க முடியாது.

— மாத்திரைய இங்கயே வெச்சிட்டுப் போறேன் அண்ணி. கத்திரிக்கோல் பக்கத்துல. கண்ணுல படற எடமா.

— சரிம்மா. பாத்து எறங்கு. கடைசிப் படி ஒடஞ்சிருக்கு.

— போயிட்டாளா?

— எறங்கறா.

— தப்பா நெனைக்காதக்கா. ராத்திரில பாத்ரூம் குழாயத் தொறந்து விட்டுட்டு அழறா. எனக்குக் கேக்காதுன்னு நெனைக்கறா.

— நான் தப்பா நெனைக்கல. அவ எடத்துல இருந்தா நானும் வந்து கதவத் தட்டிக்கிட்டேதான் இருப்பேன்.

— தண்ணி இருக்கா?

— இன்னிக்கு அளவு முடிஞ்சிருக்குமே.

— வாய் நனைச்சிட்டுத் துப்பிடறேன். எதிர்லதானே இருக்க, நீயே பாரு.

— இந்தா. முழுங்காத. ம். போதும்.

— இந்த சட்டை எவ்வளவு வசதி தெரியுமா? மிஷின்ல ஏத்தும்போது மத்தவனெல்லாம் ஒரு கைய உருவறதுக்குள்ள தவிச்சுப் போறான். நான் இந்தக் கைப்பட்டன தட்டறேன், தோள் வரைக்கும் அப்படியே தொறக்குது. நர்ஸெல்லாம் யாரு தைச்சதுன்னு கேக்கறாங்க. எங்க அக்கான்னு சொன்னேன்.

— இன்னும் ரெண்டு வெட்டி வெச்சிருக்கேன். நீலம் ஒண்ணு, சாம்பல் ஒண்ணு. அடுத்த வாரம் தரேன்.

— எனக்குப் பயமா இருக்குக்கா.

— தெரியும்.

— பக்கத்து நாற்காலில ஒருத்தர் படுத்திருப்பார். பத்திரிகைய சத்தமாப் படிச்சுக் காட்டுவார், எல்லாருக்கும். இன்னிக்கு அந்த நாற்காலில வேற ஆள். நான் எதுவும் கேக்கல. நர்ஸும் சொல்லல.

— கைய குடு. எவ்வளவு சில்லுன்னு இருக்கு.

— நீ நெசமாவே அந்தக் காகிதத்த முழுசாப் படிச்சியா?

— படிச்சேன்.

— நெஞ்சு நின்னு போகும்னும் போட்டிருக்கா?

— கொஞ்சம் பேருக்குன்னு போட்டிருக்கு. ரொம்பக் கொஞ்சம் பேருக்கு.

— விட்டுடு. போடாத.

— என்னது?

— போடாதங்கறேன். அட்டைய குடு, போற வழில தூக்கிப் போட்டுடறேன். நீ எனக்காக இதப் போட்டு, தனியா அந்த வீட்டுல எங்கயாவது விழுந்து கெடந்தா, அப்புறம் எனக்கு எந்தக் கிட்னி வந்து என்ன. அவகிட்ட நான் பேசிக்கறேன்.

— என்னன்னு பேசுவ?

— அக்காவுக்கு உடம்பு ஒத்துக்கலன்னு. அதானே நெசம். வேற யாராவது கெடைக்கற வரைக்கும் மிஷின்லயே ஓட்டறேன். ஓடற வரைக்கும் ஓடட்டும்.

— நீ யோசிச்சுத்தான் சொல்றியா?

— யோசிச்சுத்தான். வரும்போது வண்டிலயே யோசிச்சேன். அவ எதிர்ல சொல்ல வாய் வரல.

— சரிடா.

— நீ இத மனசுல போட்டு உழப்பிக்காத. அதுக்குத்தான் சொல்றேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல. முடிஞ்சிருந்தா நீ குடுத்திருப்ப. எனக்குத் தெரியாதா? உடம்பு விடல. நீ என்ன பண்ணுவ.

— உடம்பு விடல.

— பின்ன? கல்யாணத்துக்கும் அதான் குறுக்க நின்னுச்சு, இதுக்கும் அதான் நிக்குது. நான் உன்ன ஒரு நாளும் கொறை சொன்னதில்லக்கா. உடம்பத்தான் சொல்லியிருக்கேன். ஹார்ன் கேக்குது. வந்துட்டா போல. கைய பிடி, எந்திரிக்கறேன்.

— உக்காரு.

— அவ நடு ரோட்டுல நிறுத்தியிருப்பா.

— நிக்கட்டும். உக்காந்து என்னைப் பாரு.

— பாக்கறேன். என்ன?

— அந்த ரூம்ல எடையப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசலடா. தம்பிக்குக் குடுக்க உங்களுக்கு விருப்பமான்னு கேட்டாங்க. இல்லைன்னு நான்தான் சொன்னேன்.